வெள்ளவத்தையில் ஒரு சாக்குத் தோட்டம்

(வானொலி இலக்கிய உரைத் தொடரில் ஒலிபரப்பான பேச்சின் எழுத்து வடிவம்)



கொழும்பிலே தோட்டம் எங்கே இருக்கிறது என்று யாராவது கேட்டால், பெயர்களில் இருக்கிறது என்றுதான் நான் பதில் சொல்வேன். கறுவாத்தோட்டத்தில் இன்று கறுவா இல்லை. வெள்ளவத்தை என்ற பெயரைச் சிங்களத்தில் பிரித்துப் பார்த்தால் 'வெல்ல' என்பது மணற்கரை, 'வத்த' என்பது தோட்டம். மணல் மட்டும் கடற்கரையோரம் கொஞ்சம் மிச்சமிருக்கிறது. கொட்டாஞ்சேனையின் வாலில் ஒரு 'சேனை' ஒட்டிக்கொண்டிருக்கிறது. காடு வெட்டிப் பயிர்செய்த நிலத்துக்குத்தான் சேனை என்று பெயர். அந்தக் கொட்டாஞ்சேனையிலே இன்றைக்கு யாராவது, "நான் தோட்டத்தில் இருக்கிறேன்" என்று சொன்னால், சுவரோடு சுவர் ஒட்டி, பொதுக் குழாயடியில் வாளிகள் வரிசை நிற்கும் குடியிருப்பிலே வசிக்கிறேன் என்று பொருள். இடம் போன பிறகும் சொல் இருந்துகொண்டே இருக்கிறது. மொழியின் இயல்பு அது.

நான் இன்றைக்குப் பேசப்போவது பெயரில் இல்லாத ஒரு தோட்டத்தைப் பற்றி. அது வெள்ளவத்தைத் தொடர்மாடி ஒன்றின் மொட்டை மாடியிலே, பதினொரு சாக்குகளிலும் ஆறு பழைய பெயின்ற் வாளிகளிலும் இருந்தது. அதைத் தொடங்கியவர் என் அம்மா. அப்போது அவருக்கு எண்பத்தெட்டு வயது.

ஆனால் கதையை நான் கொட்டாஞ்சேனையில்தான் தொடங்கவேண்டும். 1973ஆம் ஆண்டு எழுதுவினைஞர் வேலை கிடைத்து யாழ்ப்பாணத்திலிருந்து கொழும்புக்கு வந்தேன். ஜம்பட்டா வீதிக்குக் கிட்ட ஒரு வீட்டிலே ஓர் அறை. வீட்டுக்கார ஆச்சி புனித லூசியாள் பேராலயத்தின் முதற் பூசைக்குப் போய்வந்துதான் தேநீர் வைப்பார். அந்த வீட்டின் பின்பக்கம் ஓர் ஆள் நீட்டிப் படுக்கவும் போதாது. அதற்குள்ளே எண்ணெய் ரின்களில் கறிவேப்பிலை, ரம்பை, பச்சைமிளகாய். சுவர் மூலையில் ஒரு மரவள்ளித் தடி.

அந்தக் காலத்தை அனுபவித்தவர்களுக்கு நான் விளக்கத் தேவையில்லை. விடிய நான்கு மணிக்குப் பாண் வரிசை. கூப்பன் அரிசி குறைந்துவிட்டது. ஊரிலிருந்து அரிசி கொண்டுவரவும் கட்டுப்பாடு. வெளிநாட்டு மிளகாயும் வெங்காயமும் நிறுத்தப்பட்டதால் எங்கள் யாழ்ப்பாணத்துக் கமக்காரர் நிமிர்ந்தார்கள் என்பது உண்மை. அதே நேரத்தில் கொழும்பிலே மாதச் சம்பளக்காரன் மரவள்ளிக் கிழங்கைத் தின்று கந்தோருக்குப் போனான் என்பதும் உண்மை. ஆச்சி கிழங்கை மூடாமல்தான் அவிப்பார். "ஆவி போகட்டும் தம்பி. மூடி அவிச்சா தலை சுத்தும். தின்ன பிறகு இஞ்சிப் பக்கம் போகாத" என்பார். இஞ்சிக் கதை ஊர் நம்பிக்கை. மூடாமல் அவிப்பதற்கு மட்டும் காரணம் இருக்கிறது. மரவள்ளியில் சயனைட்டுத் தன்மையுள்ள நஞ்சு உண்டு, அது ஆவியோடு வெளியேறவேண்டும். ஆச்சிக்கு இரசாயனம் தெரியாது. 1942 தெரியும். அந்த ஆண்டு பர்மா யப்பானியர் கையில் விழுந்து அரிசிக் கப்பல் நின்றது. ஏப்ரல் 5ஆந் திகதி, உயிர்த்த ஞாயிறன்று, கொழும்பில் குண்டு விழுந்தது. ஆச்சி அப்போது சிறு பெண். "அன்னைக்கிருந்து எங்க வீட்ல ரின் காலியா இருக்கக்கூடாதுன்னு அம்மா சொல்லிட்டாங்க" என்பார்.

"ஆச்சி, இது வாடகை வீடல்லவா? மரம் வைத்தால் வீட்டுக்காரன் ஒன்றும் சொல்லமாட்டானா?" என்று ஒருமுறை கேட்டேன்.

"ரின்ல வளர்ற மரத்துக்கு வாடகை கேக்க ஏலாது தம்பி" என்றார்.

இந்த வசனத்தை நான் என் அம்மாவுக்குச் சொல்ல ஐம்பது ஆண்டுகள் எடுத்தன.

அம்மா வலிகாமத்துக் கமக்காரப் பெண். எங்கள் வளவுக் கிணற்றடியில் இரண்டு பரப்புத் தறையில் கத்தரியும் மிளகாயும் பயிற்றையும் அவர் வைத்தவை. பூவரசங் குழை வெட்டி மண்ணிலே தாழ்ப்பதும், விடியற்காலையில் சாம்பல் தூவுவதும், முற்றிய காயை விதைக்கு விடுவதும் அவருடைய அன்றாட வேலைகள். 1995ஆம் ஆண்டு ஒக்ரோபர் 30ஆந் திகதி வலிகாமத்துச் சனம் ஒரே இரவில் எழுந்து தென்மராட்சிப் பக்கம் நடந்தபோது அம்மாவும் நடந்தார். 1996இல் கொழும்புக்கு என்னிடம் வந்து சேர்ந்தார். கையில் ஒரு பை. அதற்குள் காணி உறுதி, அப்பாவின் படம், இரண்டு சேலை. விதை இல்லை. "விதை எடுத்து வைக்க நேரமிருக்கேல்லை" என்று அப்போது சொன்னதை, பின்னர் கால்நூற்றாண்டு காலம் அவர் திருப்பிச் சொன்னதேயில்லை.

அந்த இருபத்தாறு ஆண்டுகளில் அம்மா ஒரு துளசிச் செடிகூட வைக்கவில்லை. என் மனைவி வாங்கிவந்த ரோசாச் சாடிக்குத் தண்ணீர் ஊற்றவும் மறுத்துவிட்டார். "இது எங்கட இடமோ? நாளைக்குப் போற ஆக்கள் மரம் வைக்கக்கூடாது" என்பார். நாளை, நாளை என்று அவர் சொல்லச் சொல்ல வீதியிலே வீடுகள் இடிந்து தொடர்மாடிகள் எழுந்தன. யுத்தம் முடிந்த அடுத்த ஆண்டு, 2010இல், ஊருக்குக் கூட்டிச்சென்றேன். கூரையில்லாத சுவர்கள். கிணற்றுக்குள் ஆலங்கன்று. அம்மா கிணற்றுக்கட்டில் கையை வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றார். பிறகு "போவம்" என்றார். அவ்வளவுதான்.

இனி 2022க்கு வருகிறேன். அதற்கு முந்திய ஆண்டு மே மாதத்தில் இரசாயனப் பசளை இறக்குமதிக்குத் தடை வந்தது. நவம்பரில் அதைத் தளர்த்தினார்கள், ஆனால் பயிர் அதுவரை காத்திருக்குமா? அடுத்து அந்நியச் செலாவணி வற்றியது. 2022 மார்ச் கடைசியில் நாளொன்றுக்குப் பதின்மூன்று மணி நேரம் மின்சாரமில்லை. ஏப்ரல் 12ஆந் திகதி கடன் கட்டமுடியாது என்று நாடு அறிவித்தது. எரிவாயு சிலிண்டர்கள் காலி வீதியிலே சங்கிலிபோட்டு வரிசையில் நின்றன. செப்டெம்பரில் கொழும்பு நுகர்வோர் விலைச் சுட்டெண்ணின்படி உணவுப் பணவீக்கம் 94.9 வீதம். முந்திய ஆண்டு நூறு ரூபாவுக்கு வாங்கியது ஏறத்தாழ இருநூறு என்று கொள்ளுங்கள்.

ஜூன் மாதத்தில் அரசாங்கம் ஒரு யோசனை சொன்னது. அரச ஊழியர்களுக்கு மூன்று மாதத்துக்கு வெள்ளிக்கிழமை விடுமுறை. வீட்டில் இருந்து பயிர் செய்யுங்கள். எரிபொருளையும் மிச்சம் பிடிக்கலாம். இந்தச் செய்தியை நான் பத்திரிகையில் வாசித்துக் காட்டியதும் எங்கள் வீட்டில் எல்லோரும் சிரித்தோம். நாலாம் மாடியில் எங்கே பயிர் செய்வது? அம்மா சிரிக்கவில்லை. சற்றுப் பொறுத்து, "தம்பி, ஒரு சாக்கு மண் எடுக்கேலுமோ?" என்று கேட்டார்.

நான் அவரைப் பார்த்தேன். அவர் யன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தார். அப்போதுதான் கொட்டாஞ்சேனை ஆச்சியின் வசனத்தைச் சொன்னேன். "கெட்டிக்காரி" என்றார் அம்மா.

நேயர்களே, இனிமேல் நான் சொல்லப்போவது தொழில்நுட்பம். இலக்கிய உரையில் இது என்ன என்று கோபிக்கவேண்டாம். திருவள்ளுவர் உழவுக்கென்று ஓர் அதிகாரம் வைத்து, புழுதியை எவ்வளவு காயவிடவேண்டும் என்பதுவரை அதற்குள் பேசுகிறார். உழுவதைவிட எருவிடுவது நல்லது, களை எடுத்தபின் நீர் பாய்ச்சுவதைவிடப் பயிரைக் காப்பது நல்லது என்று வரிசை போடுகிறார். அவர் பேசலாமென்றால் நானும் பேசலாம்.

கொழும்பிலே முதலிற் பார்க்கவேண்டியது மண்ணல்ல, வெயில். கத்தரி, மிளகாய், பயிற்றை எல்லாவற்றுக்கும் ஆறு மணி நேர வெயிலாவது வேண்டும். பக்கத்துத் தொடர்மாடியின் நிழல் எந்த நேரம் எங்கே விழுகிறது என்று அம்மா என்னை ஒரு நாள் முழுவதும் மாடிக்கு ஏற்றியிறக்கிப் பார்த்தார். மின்தூக்கி ஓடவில்லை, நல்லகாலம் எங்கள் வீடு கடைசித் தட்டு. அடுத்தது கலவை. மேல்மண் ஒரு பங்கு, உக்கிய எரு ஒரு பங்கு, தும்புத்தூள் ஒரு பங்கு. வெறும் மண்ணைச் சாக்கில் நிரப்பினால் அது நனைந்து இறுகிக் கல்லாகும், பாரமும் கூடும். மாடியின் பாரம் சாதாரண விடயமல்ல. ஆகவே சாக்குகளை நடுவில் குவிக்காமல் தூணும் விட்டமும் உள்ள ஓரமாக வைத்தோம்.

முதலாவது பிழை என்னுடையது. வாளிகளுக்கு அடியில் துளை போட மறந்தேன். கொழும்பிலே வருடத்துக்கு ஏறத்தாழ 2,400 மில்லிமீற்றர் மழை. ஒரே இரவு மழையில் ஆறு வாளி மிளகாய்க் கன்றும் நீரில் நின்று வேரழுகிப் போயின. துளை போட்டேன். தண்ணீர் வழிந்து கீழ்வீட்டுக் கூரையில் ஈரம் படிந்தது. கீழ்வீட்டுக்காரர் மேலே வந்து உரத்துப் பேசினார். அவர்மேல் பிழையில்லை. பலகைகளை அடுக்கிச் சாக்குகளைத் தரையிலிருந்து உயர்த்தி, நீர் வடிகாலுக்கு ஓடும்படி செய்தோம். தண்ணீர் தேங்காமலிருக்கச் சாடிக்கு அடியில் தட்டு வைத்தேன். அது இரண்டாவது பிழை. தட்டிலே நுளம்புக் குடம்பி. 2017இல் இந்த நாட்டில் ஒரு லட்சத்து எண்பதினாயிரத்துக்கு மேற்பட்டோருக்கு டெங்கு வந்தது. வளவில் நுளம்பு பெருக விடுவது 2007ஆம் ஆண்டின் சட்டப்படி குற்றம். பொதுச் சுகாதாரப் பரிசோதகர் வருவதற்கு முன்பே அம்மா தட்டுகளையெல்லாம் கவிழ்த்துவிட்டார்.

வெள்ளவத்தைக்கென்றே ஓர் எதிரி உண்டு, உப்புக் காற்று. தென்மேற்குப் பருவக்காற்று மே மாதத்திலிருந்து கடலை வாரி இலையிலே பூசும். இலை ஓரம் கருகும். விடிய எழும்பி இலைகளை நல்ல தண்ணீரால் கழுவவேண்டும். மின்சாரமில்லாமல் தண்ணீர் மோட்டார் ஓடாத நாட்களில் அரிசி கழுவிய தண்ணீரையும் மீன் கழுவிய தண்ணீரையும் வாளியில் சேர்த்து வேருக்கு ஊற்றினோம். அடுத்த எதிரி ஆபிரிக்க நத்தை. இரவோடிரவாக நாற்றை மொட்டையடித்துவிடும். 1900ஆம் ஆண்டளவில் இத்தீவுக்கு வந்து சேர்ந்தது என்று நான் சொன்னபோது அம்மா, "எங்களை மாதிரி வந்ததோ?" என்றார். மிளகாயும் மரவள்ளியும் அமெரிக்கக் கண்டத்திலிருந்து கப்பலேறி வந்தவைதாம், இன்று அவை நம்முடையவை என்று சொன்னேன். "அப்ப நத்தைக்கு மட்டும் ஏன் இடமில்லை?" என்று கேட்டுவிட்டு, அதைப் பொறுக்கி உப்புத் தண்ணீரில் போட்டார்.

பூச்சி நசுக்கும்போதெல்லாம் எனக்கு மஹாகவியின் 'புள்ளி அளவில் ஒரு பூச்சி' நினைவுக்கு வரும். புத்தகத்தில் ஊர்ந்த ஒரு சிற்றுயிர் கைபட்டு நசுங்கியதற்காக வருந்திய நம் ஈழத்துக் கவிஞர் அவர். கத்தரியின் குருத்து வாடியிருந்தால் உள்ளே புழு துளைத்திருக்கிறது என்று பொருள். வாடிய நுனியை அன்றைக்கே கிள்ளி எரிக்கவேண்டும், விட்டால் காய்க்குள் போகும். நான் தயங்குவேன். அம்மா தயங்கமாட்டார். கவிஞருக்குப் பூச்சி, கமக்காரிக்குக் காய். இரண்டும் நியாயமென்றே எனக்குப் படுகிறது.

கத்தரி விதை திருநெல்வேலியிலிருந்து வந்தது. யாழ்ப்பாணத்துத் திருநெல்வேலியைச் சொல்கிறேன். அந்த ஊர்ப் பெயரைத் தாங்கிய 'திருநெல்வேலி ஊதா' என்ற இனமே உண்டு. ஓர் உறவினர் கடித உறைக்குள் ஒரு சிட்டிகை விதை வைத்து பஸ்ஸில் வந்த ஒருவரிடம் கொடுத்தனுப்பினார். அம்மா உறையைப் பிரித்து, விதைகளை உள்ளங்கையில் வைத்து, மூக்குக்குக் கிட்டக் கொண்டுபோனார். நாற்று ஒரு மாதம். பிடுங்கி நட்டு இரண்டு மாதம் கழிய முதற் காய். பயிற்றை அவ்வளவு காத்திருக்கவில்லை, ஐம்பது அறுபது நாளிலேயே தொங்கியது. அது படரக் கொம்பு தேடியபோது, பாரி முல்லைக்குத் தேரைக் கொடுத்தான், நாங்கள் உடுப்புக் காயவிடும் கொடியைக் கொடுத்தோம். என் மனைவிதான் வள்ளலானார்.

கங்குன் தந்தவர் இரண்டாம் மாடிச் சிங்கள அம்மா. பதினைந்து வருடம் ஒரே கட்டிடத்தில் இருந்தும் படிக்கட்டில் தலையசைப்பதற்கு மேல் எங்களுக்குள் பேச்சில்லை. ஒருநாள் மாடியில் எங்கள் சாக்குகளைப் பார்த்துவிட்டு, ஒரு பிடி கங்குன் தண்டைக் கொண்டுவந்து கொடுத்தார். மூன்று நான்கு கிழமையில் சுண்டலுக்கு ஆயிற்று. அம்மாவுக்குச் சிங்களம் தெரியாது. அவருக்குத் தமிழ் தெரியாது. மாடியில் இரண்டு கதிரை போட்டு, பாகற்பிஞ்சுக்குப் பழ ஈ குத்தாமல் பத்திரிகைத் தாளிலே பை கட்டினார்கள். ஈயைக் காட்டி ஒருவர் திட்டுவார், அதே ஈயை மற்றவர் தம் மொழியில் திட்டுவார். பை கட்டிய தாள்களில் ஞாயிற்றுக்கிழமை இலக்கியப் பக்கங்களும் இருந்தன. என் கட்டுரை ஒன்று ஒரு பாகற்காயைக் காப்பாற்றியது. என் எழுத்தால் விளைந்த நேரான பயன் என்று நான் உறுதியாகச் சொல்லக்கூடியது அது ஒன்றுதான்.

ஆனால் நேயர்களே, ஓர் உண்மையை மறைக்கக்கூடாது. அந்தத் தோட்டம் எங்களுக்குச் சோறு போடவில்லை. கிழமையில் மூன்று நாள் கறி தந்தது. பச்சைமிளகாயும் கறிவேப்பிலையும் கடையில் வாங்கத் தேவையிருக்கவில்லை. அரிசியும் பருப்பும் பால்மாவும் கடையில்தான். "வீட்டுத் தோட்டம் செய்யுங்கள்" என்று எங்கள் நாட்டில் ஆட்சிகள் சொல்வது பெரும்பாலும் கஜானா காலியான வேளையில்தான். கியூபாவிலும் சோவியத் ஒன்றியம் 1991இல் உடைந்தபின் பட்டினி வந்தது. ஆனால் ஹவானா நகரத்தில் வெறுங்காணிகளை மக்களுக்குப் பயிர்செய்யக் கொடுத்தார்கள். 2022இல் நான் கொட்டாஞ்சேனைக்கு, ஆச்சி இருந்த ஒழுங்கைக்குப் போனேன். அந்த வீடு இல்லை. பின்பக்கத் 'தோட்ட'த்தில் ஒரு தாய் சொன்னார், "சாக்கு இருக்குங்க ஐயா. வெயில்தான் இல்ல." ஒரு சாக்கு வைக்கும் வெயில்கூட எல்லோருக்கும் கிடைப்பதில்லை. எங்கள் மொட்டை மாடி ஒரு பாக்கியம் என்பதை அன்றைக்குத்தான் விளங்கிக்கொண்டேன்.

அப்படியானால் அந்தத் தோட்டம் எதற்கு? நான் கண்டதைச் சொல்கிறேன். நிலத்துக்குரியவன் போய்ப் பார்க்காவிட்டால் நிலம் மனைவியைப்போல ஊடிவிடும் என்கிறார் வள்ளுவர். என் அம்மாவின் விடயத்தில் மாறி நடந்தது என்று நினைக்கிறேன். ஊடியிருந்தது அவர். இருபத்தாறு ஆண்டுகள் இந்த ஊர் மண்ணோடு பேசாமலிருந்தவர், தினமும் விடிய ஆறு மணிக்கு என் தோளைப் பிடித்துக்கொண்டு படியேறினார். இரவு மழை பெய்தால், "பயிற்றை சரிஞ்சிருக்கும்" என்று எழும்பி இருப்பார்.

தைப்பொங்கல் கழிந்த ஒரு நாள், ஒரு கத்தரிக்காயைக் காட்டி, "இதில கை வைக்காதை, விதைக்கு" என்றார். காய் முற்றி, ஊதா வெளிறி, மஞ்சளாகும்வரை செடியில் நின்றது. பிளந்து, விதையைக் கழுவி, சாம்பலில் பிரட்டி, நிழலில் காயவைத்து, சின்ன மருந்துப் போத்தலில் போட்டு மூடினார். தாளொன்றில் என்னை எழுதச் சொன்னார். நான் "திருநெல்வேலிக் கத்தரி" என்று எழுதினேன். அம்மா கண்ணாடியைப் போட்டுப் பார்த்துவிட்டுத் தலையை ஆட்டினார்.

"இது திருநெல்வேலியில காய்ச்சதோ? வெள்ளவத்தைக் கத்தரி எண்டு எழுது."

எழுதினேன்.

2023ஆம் ஆண்டு ஐப்பசி மழைக்காலத்தில் அம்மா காலமானார். அந்தக் கிழமை நாங்கள் யாரும் மாடிக்கு ஏறவில்லை. எட்டாம் நாள் ஏறினேன். சாக்குகளில் களை கிடந்தது, ஆனால் கங்குனும் பயிற்றையும் நனைந்து நின்றன. வாடிய குருத்துகள் கிள்ளப்பட்டிருந்தன. யார் செய்தது என்று நான் கேட்கவேண்டியிருக்கவில்லை. மருந்துப் போத்தலிலிருந்து பாதி விதையை ஒரு தாளில் மடித்து, இரண்டாம் மாடிக்கு இறங்கிக் கதவைத் தட்டினேன்.

அந்த விதையின் பேரப்பிள்ளைகள் இப்போது எங்கள் மாடியிலும் நிற்கின்றன, அவருடைய பல்கணியிலும் நிற்கின்றன. இன்று காலை இரண்டு காய் பறித்தேன். மூன்றாவதை விதைக்கு விட்டிருக்கிறேன். வேண்டுமென்றால் தரலாம். சாக்குக்குத் துளை போட மறக்கவேண்டாம்.

வணக்கம்.